பத்துக்குப் பத்து அறையில் ஒரு துருத்திப் பெட்டி

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது ஒரு டிஜிட்டல் அக்கார்டியனையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார். டிவிக்குக் கீழே ஒரு ஹோம் தியேட்டர் செட்: உள்ளங்கை அளவில் நாலு ஸ்பீக்கர், மூலையில் ஒரு வூஃபர் பெட்டி. ஒயரை அதில் செருகி வாசித்தார். வலக்கை கொசு ரீங்காரம் போலக் கேட்டது. இடக்கை, தெருமுனையில் டிரெய்லர் லாரியைக் கிளப்புவது போல. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய அக்கார்டியனைக் காணோம். "எத்தனை வாட் வாங்கினா சரியா வரும், சொல்லுப்பா" என்றார்.

அந்தக் கேள்வியோடு ரிச்சி தெருவுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் அவரும் நானும் அலைந்தோம். தெரிந்தவர்களின் பெட்டிகளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த அலைச்சலில் விளைந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் வாசிக்கிறவருக்கு வாட் கணக்கு கடைசியில் வரவேண்டியது. அறையின் அளவு, ஸ்பீக்கர் இருக்கும் இடம், எர்த் கம்பி, அடுத்த வீட்டுக்காரர் பார்க்கும் ஷிப்ட், இந்த நாலும் அதற்கு முன்னால் வரும். வடசென்னையில் வாசிக்கிறவருக்குக் கடைசி இரண்டும் இன்னும் முக்கியம்.

அக்கார்டியன் நம் ஆர்மோனியத்துக்குப் பங்காளி. இரண்டிலும் காற்று ஒரு உலோக நாக்கை, அதாவது ரீடை, அதிரவைக்கிறது. ஆர்மோனியத்தைத் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி போடுகிறோம். அக்கார்டியனை மார்போடு கட்டிக்கொண்டு பெட்டியையே விரித்துச் சுருக்குகிறோம். வியன்னாவில் சிரில் டெமியன் 1829இல் இந்தப் பெயரில் காப்புரிமை வாங்கினார். பிறகு இத்தாலியின் காஸ்டல்ஃபிடார்டோ என்ற சிறு ஊர் இதன் தலைநகரானது. நம் பக்கம் இது ஆங்கிலோ இந்தியர்களின் நடன மேடை வழியாகவும், அதைவிடப் பெரிதாக சினிமா வழியாகவும் வந்தது. 1964இல் 'சங்கம்' படத்தில் ராஜ் கபூர் தோளில் அக்கார்டியனோடு பாடி நடித்ததைப் பார்த்து ஊர் ஊராக ஆசைப்பட்டார்கள். பம்பாய் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஈனாக் டேனியல்ஸ் பேர் வாங்கினார். எம்.எஸ்.விசுவநாதன் குழுவில் அந்தப் பெட்டியை வாசித்தவர் மங்களமூர்த்தி. அறுபதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் ஏதோ ஒரு துறைமுக நகரத்து மாலைக் காற்று அடிப்பது போலத் தோன்றினால், பாதி வேலை அந்தத் துருத்தியுடையதாக இருக்கும்.

வெளியூர் வாத்தியத்தை நம் கைக்கு ஏற்றபடி பழக்கிக்கொள்வது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்தார். தீட்சிதரின் பிள்ளைகள் கோட்டையிலிருந்த ஆங்கிலேய பேண்டுக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தார்கள். முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் வைத்தார். தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும் அதே மணலிதான். வயலினுக்கு அன்று தேவைப்பட்டது சுருதியும் உட்கார்ந்து பிடிக்கும் முறையும். டிஜிட்டல் அக்கார்டியனுக்கு இன்று கூடுதலாக ஒரு ஸ்பீக்கர் வேண்டியிருக்கிறது.

இந்தக் கடற்கரையில் டிஜிட்டல் பெட்டியை வாங்குவதற்கு ஒரு நியாயமும் உண்டு. பழைய அக்கார்டியனுக்குள் நூற்றுக்கணக்கான எஃகு நாக்குகள், அவற்றை ஒட்டிவைக்கும் தேன்மெழுகு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தோல் துண்டு. உப்புக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மெழுகு இளகும், தோல் சுருளும். சுருதி பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் சென்னையில் அருகிவிட்டார்கள். டிஜிட்டல் பெட்டியில் இதெல்லாம் கிடையாது. துருத்தி இருக்கும், ஆனால் அது காற்றை எந்த நாக்கின் மேலும் ஊதாது. உள்ளே இருக்கும் அழுத்த உணரி எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள் என்று பார்க்கிறது, சிப் அதற்கேற்ப ஓசையை உண்டாக்குகிறது. ரோலண்ட் நிறுவனம் தன் வி-அக்கார்டியனை 2004இல் கொண்டுவந்தது. இப்போது இத்தாலியின் புகாரி, கோர்க் நிறுவனத்தின் ஃபீசா சுப்ரீமா என்று வேறு பெட்டிகளும் உண்டு. அதற்கும் வெகு முன்னால், 1960களிலேயே கார்டோவாக்ஸ் என்ற மின்னணு அக்கார்டியன் தனி ஆம்ப்ளிஃபயரோடுதான் விற்பனையாயிற்று. மின்னணு ஆர்கனுக்குப் பெயர்போன ஃபார்ஃபீசா நிறுவனமே, 1946இல் மூன்று இத்தாலிய அக்கார்டியன் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து உருவானதுதான். ஆகவே 'அக்கார்டியனுக்கு எதற்கு ஆம்ப்ளிஃபயர்' என்று யாராவது கேட்டால், அறுபது வருஷமாக இருக்கும் உறவு என்று சொல்லிவிடலாம்.

சில மாடல்களில் பெட்டிக்குள்ளேயே சிறு ஸ்பீக்கர் இருக்கும். விரல் பழக அது போதும். ஆனால் உள்ளே அடைத்த சின்ன ஸ்பீக்கருக்குச் சின்னக் குரல்தான். கொஞ்ச நாளில் வாசிக்கிறவருக்கே சலித்துவிடும்.

இனி ஓசையின் கணக்கு. 41 கட்டை வைத்த முழு அளவுப் பியானோ அக்கார்டியனின் வலக்கைப் பக்கம், தடித்த குரல் ரீடையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மேலே மெல்லிய ரீடுகள் 3,500 ஹெர்ட்ஸ் வரை போகும், அவற்றின் கிளை அதிர்வுகள் இன்னும் மேலே. இடக்கையின் 120 பொத்தான்களில் அடிமட்ட பாஸ் 40 ஹெர்ட்ஸைத் தொடும். நான்கு கம்பி பாஸ் கிடாரின் தடித்த கம்பியும் அங்கேதான் இருக்கிறது. இதைக் கேட்டதும் கடைக்காரர் பதினைந்து அங்குல வூஃபரைக் காட்டுவார். காட்டட்டும், வாங்கவேண்டியதில்லை.

காரணம் இதுதான். அக்கார்டியனில் ஒரு பாஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு ரீட் மட்டும் பேசாது. அதே சுரத்தின் நாலைந்து ரீடுகள், வெவ்வேறு ஸ்தாயிகளில், ஒன்றாகப் பேசும். டிஜிட்டல் பெட்டியும் இதையே பாவிக்கிறது. அடிச்சுரம் சற்றுக் குறைந்தாலும் மேல் ஸ்தாயிகளை வைத்துக் காது அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். சின்ன ரேடியோவிலும் பாட்டின் பாஸ் நமக்குப் புரிவது இந்தக் காதின் உபகாரத்தால்தான். அதோடு, ஸ்பீக்கர் ஒரு ஸ்தாயி கீழே போய் அதே சத்தம் கொடுக்க அதன் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். 80 ஹெர்ட்ஸை லேசாகச் சொல்லும் பெட்டி 40க்கு மூச்சுவாங்கும். அந்தக் கடைசி ஸ்தாயிக்காகப் பெட்டியின் எடையும் விலையும் இரண்டு மடங்காகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு நிற்கும்போது நம் அறைக்குள் வரும் இரைச்சலும் இதே அடிமட்டத்தில்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அடி பாஸை அந்த உறுமல் இலவசமாக விழுங்கிவிடும்.

அறைதான் இதில் பெரிய வில்லன். நம் பக்கத்தில் பத்துக்குப் பத்து என்பது சர்வசாதாரணமான அறை. உயரமும் பெரும்பாலும் பத்தடி. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓசை மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும். பத்தடி இடைவெளிக்கு அது நம் ஊர் வெப்பத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே அதிர்வெண் ஒன்றுகூடும். சதுர அறை பார்க்க லட்சணமாக இருக்கும், ஓசைக்கு அதைவிடக் கெட்ட அறை கிடையாது. 57 என்பது இடக்கையின் கீழ் 'ஏ' சுரத்துக்கும் (55 ஹெர்ட்ஸ்) அதற்கு அடுத்ததற்கும் நடுவே விழுகிறது. அதனால் மற்ற பாஸ் எல்லாம் ஒழுங்காக இருக்க, 'ஏ'யும் அதற்கு அடுத்ததும் மட்டும் குடத்துக்குள் அடித்தது போல முழங்கும். வாசிக்கிறவர் தன் கையைக் குறைசொல்வார், பிறகு ஆம்ப்ளிஃபயரைக் குறைசொல்வார். நண்பர் வீட்டில் நடந்ததும் இதேதான். ஹோம் தியேட்டரின் வூஃபர் பெட்டி மூலையில் இருந்தது. மூலையில் மூன்று பரப்புகள் சேர்வதால் அடிச்சுரம் இன்னும் ஏறும். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்ததும் முழக்கம் பாதி குறைந்தது. ஒரு பைசா செலவில்லை.

மேல் சுரங்களின் பிரச்சினை வேறு. சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, எதிலும் பட்டுத் தெறிக்கும் ஓசை. இதற்குக் கடையில் விற்கும் நுரைப் பலகை வேண்டாம். கொடியில் தொங்கும் சேலை, சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, திறந்த அலமாரியில் அடுக்கிய துணி, இவை போதும். துணிமணி நிறைந்த சின்ன வீட்டில் ஆர்மோனியம் இதமாகக் கேட்பதும், காலி செய்த வீட்டில் அதே பெட்டி கத்துவதும் எல்லோரும் கவனித்திருப்பதுதான்.

இப்போது ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்க்கலாம். கிடார் ஆம்ப்ளிஃபயரை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலர் வீட்டில் அதுதான் ஏற்கனவே கிடக்கிறது. எலெக்ட்ரிக் கிடாருக்கான ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும், அதற்குக் கொஞ்சம் கீழே வேண்டுமென்றே ஒரு தூக்கல் வைத்திருப்பார்கள். கிடாருக்கு அது அழகு. அக்கார்டியனின் மியூசெட் குரலோ, இரண்டு ரீடுகளை மிக லேசாக விலக்கிச் சுருதி சேர்ப்பதால் வரும் அலை. ஒன்று 440இலும் மற்றது 443இலும் இருந்தால் நொடிக்கு மூன்று முறை அது நெளியும். இந்த நெளிவு நாசூக்கானது. கிடார் பெட்டியில் அது மூக்கடைத்த குரலாகிவிடுகிறது.

ஹோம் தியேட்டர் செட்டின் குறை நாம் பார்த்ததுதான். சின்ன ஸ்பீக்கர் முடிகிற இடத்துக்கும் வூஃபர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும், அக்கார்டியனின் உயிர் குடியிருப்பது அந்தப் பள்ளத்தில்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் துறைமுகத்துக்கு எதிரே கடை போட்ட பர்மா பஜாரில், கையால் தூக்கக்கூடிய டேப் ரிக்கார்டரில் ஆயிரக்கணக்கான வாட் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண் ஒன்றே கணக்கு. அந்தக் கணக்கும் ஏமாற்றும்: வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபெல் தந்துவிடும். அடுத்த 10 டெசிபெல்லுக்கு 100 வாட் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் 100 டெசிபெல்லை யாரும் பத்து நிமிஷம் தாங்கமாட்டார்கள்.

புளூடூத் ஸ்பீக்கர் கேட்க நன்றாக இருக்கலாம், வாசிக்க உதவாது. புளூடூத்தில் ஓசை வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தாமதமாகும். 150 மில்லி நொடி என்றால் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, தெருமுனையில் இருப்பது போல. விரல் ஒரு சுரத்தில், காது முந்தைய சுரத்தில். அதே ஸ்பீக்கரில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒயரில் கொடுத்துப் பாருங்கள், பரவாயில்லாமல் வரும். ஒயர் கூடவே கூடாது என்பவர்களுக்கு வாத்தியத்துக்கென்றே செய்த வயர்லெஸ் கருவிகள் உண்டு, அவற்றின் தாமதம் சில மில்லி நொடிகள்தான்.

மைக் செட்டுக்காரரிடம் இரவல் கேட்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ஆடித் திருவிழாவுக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்கானது. அதில் அக்கார்டியன் தகர டப்பாவாகிவிடும். அவர்களிடமே இருக்கும் பாக்ஸ் நல்லதுதான், ஆனால் தெருவை நிரப்பச் செய்த பெட்டியை வீட்டுக்குள் கால்வாசி கூடத் திருக முடியாது. அந்த அளவில் அதன் குணமும் தெரியாது.

மிஞ்சுபவை மூன்று. கீபோர்டு ஆம்ப்ளிஃபயர், பவர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர், ஸ்டூடியோ மானிட்டர். ராயபுரம் பக்கத்து ஆலயப் பாடகர் குழுக்களும் கானா கச்சேரிக்காரர்களும் கீபோர்டை நம்பியே இருப்பதால் கீபோர்டு ஆம்ப் இங்கே சுலபமாகக் கிடைக்கும், ரிப்பேர் பார்க்கவும் ஆள் உண்டு. குறை ஒன்றுதான்: பெரும்பாலானவை ஒற்றை ஸ்பீக்கர். டிஜிட்டல் அக்கார்டியனின் ஸ்டீரியோ ஓசையை ஒன்றாகக் கலக்கும்போது சில குரல்கள் உள்ளீடற்றுப்போகும். ஒரே ஒயர் என்றால் 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில்தான் செருகவேண்டும். வெறும் வலதுபக்கத் துளையில் செருகிவிட்டு 'பாதிச் சத்தம் காணோம்' என்று கடைக்குத் தூக்கிப்போனவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

என் தேர்வு, எட்டு அங்குல வூஃபரும் தனி ட்வீட்டரும் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு. பணம் இடம்கொடுக்காவிட்டால் முதலில் ஒன்று, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று. இரண்டு என்பதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. உண்மையான அக்கார்டியனில் வலக்கைச் சுரம் ஒரு பக்கத்திலிருந்தும் பாஸ் மறுபக்கத்திலிருந்தும் வரும், வாசிக்கிறவர் இரண்டுக்கும் நடுவே இருப்பார். பல டிஜிட்டல் பெட்டிகளில் வலக்கையை ஒரு ஒயரிலும் இடக்கையை மற்றதிலும் பிரித்து அனுப்பும் வசதி உண்டு. உட்கார்ந்த நிலையில் மார்பின் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரையும், முதுகுக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பாருங்கள். டிஜிட்டல் பெட்டியில் காணாமல்போன ஒன்று, ஓசை உடம்பைத் தொடும் உணர்வு, பாதியாவது திரும்பிவரும். நண்பர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

ஸ்டூடியோ மானிட்டரும் இதற்கு நிகர்தான், ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்கச் செய்தது. நடு வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதென்றால் ஆக்டிவ் ஸ்பீக்கர் மேல்.

ஒயரை மைக் துளையில் செருகாதீர்கள். அக்கார்டியன் அனுப்புவது லைன் சிக்னல், மைக் சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. அது மைக் துளைக்குள் போனால் பிசிறடிக்கும். பெட்டியின் வால்யூமை முக்கால் அளவில் வைத்துக்கொண்டு மீதியை ஸ்பீக்கரில் திருகுவது நல்லது. பெட்டியில் குறைத்து ஸ்பீக்கரில் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

அடுத்தது மின்சாரம். இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் இருக்கிறதா என்பது வேறு விஷயம். உப்பு மண்ணில் புதைத்த எர்த் கம்பி சில வருஷத்தில் அரித்துவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் சுருதி போட்டுக்கொண்டே இருக்கும். முன்பொருமுறை ஒரு கலியாண மண்டபத்தில் இந்த 'ம்ம்'மை நிறுத்த யாரோ பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டிருந்தார்கள். அன்று மைக்கைப் பிடித்த என் கையில் ஏறிய அதிர்ச்சி முழங்கை வரை ஒரு வாரம் இருந்தது. அந்த வைத்தியம் வேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) இல்லாவிட்டால் போடச்சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் செலவில் இது கொசுறு. எர்த் நன்றாக இருந்தும் 'ம்ம்' நிற்காவிட்டால் அக்கார்டியனை அடாப்டரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அந்த வசதி உண்டு. ஸ்பீக்கரும் பெட்டியும் இரு வழியாக எர்த்தைத் தொடும் சுற்று அறுந்தால் ரீங்காரம் அப்படியே அடங்கிவிடும்.

உப்புக் காற்று ஜாக்கையும் விடாது. பித்தளையில் பச்சை பிடித்து, ஒயரை அசைக்கும்போதெல்லாம் கரகரவென்று வரும். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக்கை நாலு தடவை செருகி எடுங்கள், வாசிக்காதபோது துணி போட்டு மூடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று சுவரில் இன்னும் கோடு இருக்கும் வீடுகள் உண்டு, அந்தக் கோட்டுக்கு மேலே அலமாரி அடியுங்கள். அடியில் பழைய டயர் ட்யூபை நாலு துண்டாக வெட்டி வையுங்கள். பலகை வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும் அதிர்வு குறையும்.

அடுத்த வீடு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. தொழிற்பகுதியில் 75, 70. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 மணி வரை. தனியார் இடத்தில் வாசிக்கும் கருவியின் ஓசை அந்த இடத்தின் எல்லையில் வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் மீறக்கூடாது என்றும் விதி உண்டு. தொழிற்சாலை மதிலும் வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எது குடியிருப்பு, எது தொழிற்பகுதி என்று வக்கீல்கள் வாதாடலாம். அறைக்குள் 85இல் வாசித்தால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஜன்னல் திறந்திருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. நாலரை அங்குலச் சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரியக் குடியிருப்புகளில் மேல் சுரங்கள் இந்தப் பக்கமே நின்றுவிடும், பாஸ் மட்டும் அந்தப் பக்கம் போய் உட்காரும். அங்கே கேட்கிறவருக்கு அது பாட்டாகத் தெரியாது, யாரோ சுவரை இடிப்பது போலத்தான் இருக்கும்.

சட்டம் எழுதியவர்கள் இரவில் எல்லோரும் தூங்குவார்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். துறைமுகமும் ஆலைகளும் அப்படி ஓடுவதில்லை. நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து படுத்தவருக்குப் பகல் பதினொன்றுதான் நடுநிசி. அந்த நேரத்து அக்கார்டியனைச் சட்டம் அனுமதிக்கும், அவர் அனுமதிக்கமாட்டார். ஆகவே மூடிய வகை ஹெட்போன் ஒன்று இந்தப் பகுதியில் ஸ்பீக்கருக்குத் துணைக்கருவி இல்லை, ஸ்பீக்கருக்குச் சமமான கருவி. ஸ்பீக்கர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். டிஜிட்டல் பெட்டியில் ஹெட்போன் போட்டால் வெளியே கேட்பது துருத்தியின் மூச்சும் பொத்தானின் டொக்டொக்கும் மட்டும். பழைய ரீட் அக்கார்டியனுக்கு இந்த வசதி கிடையாது.

வாசிக்கிறவரின் காதுக்கும் ஷிப்ட் உண்டு. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு. ஃபவுண்டரியிலோ பாய்லர் பக்கமோ எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் அன்றைய பங்கை முழுக்கச் செலவழித்துவிட்டார். அவர் சாயங்காலம் வாசிக்கும்போது எப்போதையும்விடக் குறைவாகத் திருகவேண்டும். ஆனால் மந்தமான காது இன்னும் கூட்டச் சொல்லும். அந்தக் காதை நம்பவேண்டாம். வீட்டில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் கேட்கவேண்டும், அளவு அவ்வளவுதான்.

நண்பர் கடைசியில் ஒரே ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கரும் ஒரு ஹெட்போனும் வாங்கினார். ஹோம் தியேட்டர் மறுபடி டிவிக்கே போய்விட்டது. நீங்கள் வாங்கப் போனால் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டே போங்கள். கடைக்காரர் போடும் பாட்டை வைத்து எந்த ஸ்பீக்கரையும் மதிப்பிடாதீர்கள். இடக்கையில் கீழ் 'ஏ', வலக்கையில் மியூசெட், இரண்டையும் தனித்தனியாக வாசியுங்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, உங்கள் அறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.